இந்த வாரம் வந்துவிடும் என்று சொன்ன குரல்

மகனே,

நீ அனுப்பிய நான்கு வரிகளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தேன். "வணக்கம். எங்கள் நிறுவனத்தை அழைத்தமைக்கு நன்றி. தற்போது நாங்கள் வேறொரு வாடிக்கையாளருக்கு உதவிக்கொண்டிருக்கிறோம். இரண்டு வேலை நாட்களுக்குள் உங்களைத் தொடர்புகொள்வோம்." இதை நான் என் குரலில் பேசிக் கொடுக்க வேண்டும், நீ அதை உன் கைப்பேசியில் போட்டுவிடுவாய், இனி யார் உன்னை அழைத்தாலும் நான்தான் பதில் சொல்வேன். "வாய்ஸ்மெயில் நம்பருக்கு அடிங்கம்மா, பீப் வந்ததும் படிங்க, ஹேஷ் அமுக்குங்க, அவ்ளோதான் லா. ரெண்டு நிமிஷம்கூட ஆகாது" என்று மீன் முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னாய். ஏன் என் குரல் என்று கேட்டேன். "உங்க வாய்ஸ் டீச்சர் மாதிரி இருக்கும்மா. கேட்டா யாரும் கோபப்பட மாட்டாங்க. நம்புவாங்க" என்றாய். யார் உன் மேல் கோபப்படுகிறார்கள் என்று கேட்டதற்கு, "கஸ்டமர்ஸ்தான். பொங்கோல்ல ரெண்டு மூணு வீட்டுல கிச்சன் மாத்துற வேல லேட்டாயிடுச்சு, சும்மா சும்மா போன் அடிக்கிறாங்க" என்றாய். அப்படிச் சொல்லும்போதே மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்த போன் நடுங்கியது. நீ அதை விரல் நுனியால் ரசக் கிண்ணத்துக்குப் பின்னால் தள்ளிவிட்டாய். நிறுவனமாம், நாங்களாம். நீயும் உன் வேனும் ஒரு டிரில் மெஷினும் சேர்ந்தால் நாங்களா? நீ உதவிக்கொண்டிருந்த அந்த வேறொரு வாடிக்கையாளர் என் வறுத்த வஞ்சிரமா?

உன்னிடம் நேரில் சொன்னால், "சரிம்மா, சரிம்மா" என்று போனைப் பார்த்துக்கொண்டே கேட்பாய். அதனால்தான் ஊரே படிக்கும் இடத்தில் எழுதுகிறேன். உன் பெயரை எழுதவில்லை, பயப்படாதே. என் பெயரையும் எழுதவில்லை. நான் செய்ததும் பெயர் போட்டுச் சொல்லிக்கொள்ளக்கூடிய காரியம் இல்லை.

முதலில் அந்த டீச்சர் குரலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பள்ளிக்கூடம் உயர்நிலை இரண்டாம் வகுப்போடு முடிந்தது. குடும்பக் கஷ்டத்தால் நின்றுவிட்டேன் என்று உன்னிடம் எத்தனையோ முறை சொல்லி, உன் முகம் வாடுவதைப் பார்த்து உள்ளுக்குள் சந்தோஷப்பட்டிருக்கிறேன். அது பொய். என் அப்பா கடன் வாங்கியாவது என்னைப் படிக்க வைத்திருப்பார். வாய்மொழித் தேர்வில் ஒரு படத்தைக் காட்டி, அதில் என்ன நடக்கிறது என்று கேட்டார்கள். சந்தையில் ஒரு பெண் மீன் வாங்குகிறாள், இவ்வளவுதான் படம். எனக்கு எல்லாம் தெரிந்தது, வாய் மட்டும் திறக்கவில்லை. எதிரில் இருந்தவர் என் முகத்தைப் பார்த்தார், நான் அவர் பேனாவைப் பார்த்தேன், நேரம் முடிந்தது. மறுநாளிலிருந்து சீருடை போட்டுக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து, பள்ளி விடும் நேரத்துக்கு வீடு திரும்பினேன். இரண்டு வாரம் கழித்துப் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. என் அம்மா அழுதார். கூச்சம் என்பது ஒரு நல்ல குணம் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள், அதுவும் பெண் பிள்ளைக்கு. அது ஒரு குணமே இல்லை. யாராவது நம் முகத்தைப் பார்த்துவிடுவார்களோ என்ற பயம், அவ்வளவுதான். அந்தப் பயத்துக்காக மனிதர்கள் எதையும் செய்வார்கள். நானே செய்தேன்.

பதினாறு வயதில் தேக்காவில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தேன். எண்பதுகளின் நடுப்பகுதி. முதலாளி பெயர் கதிரேசன். ஊருக்கு அவர் கதிரண்ணன், எனக்கு பாஸ். திரைச்சீலைக்குப் பின்னால் உட்கார்ந்து கல்யாண ஆல்பங்களில் படம் ஒட்டுவது என் வேலை. யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்கு அது சொர்க்கம். பாஸுக்கு எதுவும் புதிதாக வந்தால் முதலில் வாங்கிவிட வேண்டும். அப்படித்தான் போனுக்குப் பதில் சொல்லும் மெஷினை வாங்கிக்கொண்டு வந்தார். உள்ளே இரண்டு சின்ன கேசட், ஒன்றில் நாம் பேசி வைத்தது ஓடும், இன்னொன்றில் அழைத்தவர் பேசுவது பதிவாகும். நல்ல நேரம் பார்த்து, அதற்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் ஒன்றை நறுக்கி இரண்டு பக்கமும் வைத்து, சூடம் காட்டினார். காருக்குச் செய்வதை மெஷினுக்கும் செய்தார். எலுமிச்சைச் சாறு பொத்தானுக்குள் இறங்கி, ஒரு பொத்தான் கடைசிவரை பிசுபிசுத்துக்கொண்டே இருந்தது.

முதலில் அவரே பேசினார். கப்பலில் நிற்பவனைக் கரையிலிருந்து கூப்பிடுவதுபோல் கத்தினார். திருப்பிப் போட்டுக் கேட்டால், யாரையோ மிரட்டிக் காசு கேட்பதுபோல் இருந்தது. அவர் மனைவியைப் பேசச் சொன்னார். அவர் "வணக்கம்" என்றதும் சிரித்துவிட்டார், பிறகு "வண" என்றதும் சிரித்தார், பிறகு மெஷினைப் பார்த்தாலே சிரித்தார். நல்ல நேரம் முடிய இன்னும் பத்து நிமிடம்தான் இருந்தது. பாஸ் திரையை விலக்கி, "ஏய், நீ பேசு" என்றார். நான் தலையை ஆட்டினேன். "பேச மாட்டியா? வாயில என்ன, கொழுக்கட்டையா?" என்றவர், என்ன தோன்றியதோ, அடையாள அட்டைப் படங்களைக் கழுவும் இருட்டறைக்குள் மெஷினையும் என்னையும் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார். உள்ளே கை தெரியவில்லை. மருந்து வாடை மட்டும் இருந்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை என்பது புரிந்ததும் என் தொண்டையில் எதுவோ திறந்துகொண்டது. பாத்திரம் கழுவும்போது வானொலிச் செய்தியோடு சேர்ந்து வாய்க்குள் சொல்லிப் பழகிய தமிழ், ஒரு சொல் பிசகாமல் வெளியே வந்தது. வெளியே வந்து போட்டுக் கேட்டோம். பாஸ் என்னைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார். "அடிப்பாவி, இத்தன நாள் இத எங்க ஒளிச்சு வச்சிருந்த?" என்றார்.

பிறகு அந்தக் குரலுக்குப் பெயர் வந்தது. மெஷின் என்பது பாதிப் பேருக்குப் புரியவில்லை. என் குரலோடு வாக்குவாதம் செய்தார்கள். "நான் கேக்கிறதுக்குப் பதில் சொல்லாம நீ பாட்டுக்குப் பேசிட்டே போற, என்ன பொண்ணும்மா நீ?" என்று ஓர் அம்மாள் மூன்று முறை அழைத்துச் சண்டை போட்டார். கடைக்கு வந்தவர்கள், "யாரு கதிரண்ணே அது, ரேடியோவுல வேல செய்ற பொண்ணா?" என்று கேட்பார்கள். "ஸ்பெஷலா ஆள் வச்சுப் பண்ணது லா" என்பார் பாஸ். நான் திரைக்குப் பின்னால் பசை டப்பாவோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு முறைகூட வெளியே வந்து அது நான்தான் என்று சொல்லத் தோன்றவில்லை. முகம் இல்லாமல் புகழ் கிடைத்தால் என்னைப் போன்ற கோழைக்கு வேறென்ன வேண்டும்? தினமும் காலையில் அழைத்தவர்கள் பேசிய கேசட்டைப் போட்டு, யார் யார் அழைத்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பதும் என் வேலையானது.

அந்த ஜூன் மாதம் தோ பாயோவைச் சேர்ந்த ஸ்டெல்லா என்ற பெண்ணின் கல்யாணம். நம்மைப் போலவே கத்தோலிக்கக் குடும்பம். கோயிலில் நடந்த திருமணத்துக்கு பாஸ்தான் படம் எடுத்தார். அவருக்கு ஒரு பழக்கம். எடுத்து முடித்த ரோலை முழுதாகச் சுற்றாமல், நுனி நாக்கு வெளியே தெரியும்படி விட்டுவிடுவார், கழுவும்போது இழுக்கச் சுலபமாம். புது ரோலுக்கும் நாக்கு வெளியேதான் இருக்கும். இரண்டையும் ஒரே பைக்குள் போடுவார். இதைச் சொன்னால், "எனக்குத் தெரியாதா, நீ ஒட்டுற வேலையப் பாரு" என்பார். முந்தைய நாள் ஒரு குழந்தைக்குக் காது குத்தியதை எடுத்த மூன்று ரோல்களையே மறுநாள் ஸ்டெல்லாவின் கல்யாணத்துக்கும் போட்டு எடுத்துவிட்டார். படங்கள் வந்தபோது பீடத்துக்கு முன்னால் சாமியார் கையை விரித்து நிற்கிறார், அவர் மார்பில் சந்தனம் பூசிய ஒரு மொட்டைக் குழந்தை வாய் பிளந்து அழுகிறது. மோதிரம் மாற்றும் கைகளுக்கு நடுவே ஆசாரியின் ஊசி. ஸ்டெல்லாவின் வெள்ளை முக்காடு முழுக்க யாரோ ஒரு மாமாவின் பட்டு வேட்டி. எனக்குச் சிரிப்பு வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பாஸுக்கு வேர்த்துவிட்டது. காது குத்து வீட்டார் சமாதானமாகிவிட்டார்கள், குழந்தையைக் கடையில் உட்காரவைத்துப் புதிதாகப் படம் எடுத்துக் கொடுத்தார். கல்யாணத்தைத் திரும்ப நடத்த முடியாதே.

ஒரு மனிதன் அப்போது என்ன செய்திருக்க வேண்டும் என்று உனக்கே தெரியும். மின்தூக்கி ஏறி, அந்த வீட்டுக் கதவைத் தட்டி, கெடுத்துவிட்டேன் என்று சொல்லித் திட்டு வாங்கியிருக்க வேண்டும். இவர் மெஷினிடம் போனார். "புதுசா ஒண்ணு பேசணும். படம் எல்லாம் லேப்ல இருக்கு, இந்த வாரம் வந்துடும்னு சொல்லு. உன் குரல்ல சொன்னா நம்பிடுவாங்க" என்றார். நான் மறுக்கவில்லை. இருட்டறைக்குப் போனேன். "தங்கள் புகைப்படங்கள் ஆய்வுக்கூடத்தில் தயாராகி வருகின்றன. இந்த வாரம் வந்துவிடும். தங்கள் பொறுமைக்கு நன்றி" என்று பேசினேன். 'ஆய்வுக்கூடம்' என்ற சொல்லை நானே தேடிப் போட்டேன், அழகாக இருக்கட்டும் என்று. மெஷினுக்கு அது எந்த வாரம் என்று தெரியாது. ஜூனிலும் இந்த வாரம்தான், ஜூலையிலும் இந்த வாரம்தான். ஸ்டெல்லா கடைக்கு நேரில் வந்தால், ஃபிலிம் ஜப்பானுக்குப் போயிருக்கிறது என்பார் பாஸ். நான் திரைக்குப் பின்னால், அந்தப் படங்கள் இருந்த பெட்டியின் மேலேயே காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஜூலை கடைசியில் ஒரு காலை கேசட்டைப் போட்டேன். ஓர் ஆண் குரல், மூச்சு வாங்கியது. "வணக்கம்மா. ஸ்டெல்லா அப்பா பேசறேன். ஆஸ்பத்திரிலேருந்து, காசு போட்டுப் பேசற போனு, சீக்கிரம் சொல்லிடறேன். இந்த வாரம் வந்துடும்னு சொன்னீங்க, சரி. அவசரமில்லம்மா. கோட்டு போட்டு நடந்தேன்ல, கண்ணாடில ஒரு தடவகூட முழுசாப் பாக்கல. அதான், எப்படி இருக்குன்னு. நீங்க மரியாதையாப் பேசறீங்க, நல்லா இருங்க." துறைமுகத்தில் மூட்டை தூக்கிய மனிதர். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை கோட்டுப் போட்டார், மகளைக் கோயிலுக்குள் கைபிடித்து அழைத்துவர. விருந்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வேறு ஆளை வைத்துப் படம் எடுத்தார்கள். அதற்குள் இவர் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பந்தி பரிமாறப் போய்விட்டாராம், எல்லாப் படத்திலும் முதுகுதான். இது எனக்குப் பிறகு தெரிந்தது. அன்று நான் நோட்டில் என்ன எழுதினேன் தெரியுமா? "ஸ்டெல்லா அப்பா. அவசரமில்லை." அழகான கையெழுத்தில், கீழே ஒரு கோடும் போட்டேன்.

ஒன்பது நாள் கழித்து ஸ்டெல்லாவின் குரல் கேசட்டில் அழுதது. "அப்பா தவறிட்டாங்க. முப்பதாம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அடிக்கணும். கோட்டு போட்ட படம் ஒண்ணே ஒண்ணு குடுங்க, மத்ததெல்லாம் மெதுவா வரட்டும்." நான் பெட்டியைத் திறந்தேன். நூற்றுச் சொச்சம் படங்களில் ஒன்றில் மட்டும் அந்த மனிதரின் முகம் முழுதாக இருந்தது. மகளின் கையைத் தன் கைக்குள் இறுக்கிக்கொண்டு, புகைப்படக்காரனைப் பார்க்கக்கூடாது என்று யாரோ சொல்லிக்கொடுத்ததுபோல் நேராகப் பார்த்துக்கொண்டு நடக்கிறார். கோட்டின் தோளில் மட்டும் அந்த மொட்டைத் தலை. எடுத்துக்கொண்டு பாஸிடம் போனேன். அவரிடம் நானாகப் போய்ப் பேசியது அதுதான் முதல் முறை.

"பாஸ், இத மட்டும் குடுத்துடலாமா?"

"குடுத்தா மத்ததெல்லாம் எங்கேன்னு கேப்பாங்கல்ல? இந்த மொட்ட யாருன்னு கேட்டா என்னன்னு சொல்லுவ? கடைப் பேரு போயிடும் லா. உள்ள வை."

உள்ளே வைத்தேன். அவரைக் குறை சொல்லி முப்பது வருடம் ஓட்டிவிட்டேன். ஆனால் பெட்டிக்குப் பூட்டு இல்லை, கடையைத் திறப்பதும் நான்தான், படம் என் கைக்குள் அடங்கும் அளவுதான். நினைவு அட்டையில் அவருடைய அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் போட்டார்களாம், குற்றம் செய்து பிடிபட்டவர்போல் இருந்ததாம்.

செப்டம்பரில் நாங்கள் தோ பாயோவுக்கு வீடு மாறினோம். அது எந்தக் கோயிலைச் சேர்ந்த பங்கு, அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று நான் யோசிக்கவில்லை. அக்டோபர் செபமாலை மாதம். மாதா சுரூபத்தை ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டுக்கு எடுத்துப்போய், பக்கத்து புளோக்குகளில் இருப்பவர்களெல்லாம் மாலையில் கூடிச் செபமாலை சொல்வார்கள். ஒரே செபத்தைப் பத்து முறை சொல்லும் ஒவ்வொரு பத்தையும் ஒருவர் முன்னின்று சொல்ல வேண்டும். இரண்டாவது வாரம் ஒரு வீட்டில், மூன்றாம் பத்துக்கு ஆளைத் தேடியபோது என் அம்மா என் முதுகில் கை வைத்து, "இவ சொல்லுவா. பதினேழு வயசாகுது, வாயத் தொறந்து நாலு வார்த்த பேசத் தெரியல. மாதாதான் இவ வாயத் தொறக்கணும்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். சிரித்தார்கள். நான் செத்தேன். ஆனால் அந்த வீட்டில் விளக்கை அணைத்து, மாதாவுக்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்தி மட்டும் வைத்திருந்தார்கள். என் முகம் யாருக்கும் தெரியவில்லை. கண்ணை மூடினேன். தொண்டை திறந்துகொண்டது. வானொலிக் குரலில், ஒரு சொல் பிசகாமல், பத்து முறை சொன்னேன். ஏழாவது முறை சொல்லும்போது எனக்கு முன்வரிசையில் வெள்ளைச் சேலையில் இருந்த ஓர் அம்மாள் மெதுவாகத் திரும்பினார். பிறகு முன்பக்கம் திரும்பவே இல்லை.

விளக்கைப் போட்டார்கள், காப்பியும் கேக்கும் வந்தன. அவர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீ எங்கம்மா வேல செய்ற?"

"ஆல்பம் ஒட்டற கடைல, ஆன்ட்டி."

"தேக்காவுலயா?"

நான் காப்பியைப் பார்த்தேன்.

"நான் ஸ்டெல்லாவோட அம்மா. அந்தப் போன்ல பேசறது நீதான?"

"இல்ல ஆன்ட்டி. அது நான் இல்ல. வேற யாரோ."

அவர் என்னைத் திட்டவில்லை. "சரிம்மா" என்றார். தன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, காப்பியைக் குடிக்காமலேயே வெளியே போனார். என் அம்மா, "என்ன நல்லாச் சொன்ன இன்னைக்கி! அந்த ஆன்ட்டிகூட உன்கிட்ட வந்து பேசினாங்களே" என்று வழியெல்லாம் மகிழ்ந்துகொண்டு வந்தார்.

மறுநாள் காலை கடையைத் திறந்ததும், பெட்டியில் இருந்த அத்தனை படங்களையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு, கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் பேருந்து ஏறினேன். என்னைத் துணிச்சல்காரி என்று நினைத்துவிடாதே. இரவு முழுக்க யோசித்து நான் போட்ட திட்டம், பையைக் கதவுக் கம்பியில் மாட்டிவிட்டு ஓடிவிடுவது. மாட்டிக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. "உள்ள வா" என்றார் அந்த அம்மாள். ஸ்டெல்லா வேலைக்குப் போயிருந்தாள். சாப்பாட்டு மேசையில் படங்களைக் கொட்டினார். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கோட்டுப் படம் வந்ததும் அவர் கை நின்றது.

"இந்தப் புள்ள யாரு?"

"காது குத்துற வீட்டுப் புள்ள ஆன்ட்டி. பாஸ் அதே ஃபிலிமத் திரும்பப் போட்டுட்டாரு."

"அவரு தோள்ல சாஞ்சிருக்கிற மாதிரியே இருக்கு." விரலால் அந்த மொட்டைத் தலையைத் தடவினார். "மனுசன் பாத்திருந்தா வார்டு முழுக்கக் காட்டிச் சிரிச்சிருப்பாரு. பேரப்புள்ள அவசரப்பட்டு வந்துட்டான்னு சொல்லியிருப்பாரு. கெட்டுப்போச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிக் குடுத்திருந்தா என்ன? நாங்க என்ன உங்களக் கடிச்சா தின்னிருப்போம்?"

நான் தலை குனிந்து நின்றேன். அந்த நிலையிலும் அவர் எப்போது என்னைப் போகச் சொல்வார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"தெனமும் கேப்பாரு தெரியுமா. நர்ஸுகிட்டச் சில்லறை மாத்திட்டு வந்து போன் போட்டுட்டு, அந்தப் பொண்ணு சொல்லிடுச்சு, இந்த வாரம் வந்துடும்னு எங்கிட்டச் சொல்லுவாரு. மெஷினுன்னு நான் சொன்னா நம்ப மாட்டாரு. இவ்ளோ மரியாதையா மெஷினு எப்படிப் பேசும்பாரு." நாற்காலியை எனக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இப்ப என்னப் பாத்து அதச் சொல்லு. அதே மாதிரி. இந்த வாரம் வந்துடும்னு சொல்லு, நான் கேக்கறேன்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். மூக்குக்குப் பக்கத்தில் ஒரு மரு. கண்ணுக்குக் கீழே கருமை. வாயைத் திறந்தேன். காற்றுகூட வரவில்லை.

"வராது" என்றார் அவர். "மொகத்தப் பாத்தா வராது பாரு. போ."

அவ்வளவுதான். மன்னிப்பும் இல்லை, ஆசீர்வாதமும் இல்லை. இரும்புக் கதவைச் சாத்திக்கொண்டார். மாலை பாஸ் வீட்டுக்கு வந்து என் அப்பாவிடம், "உங்க பொண்ணு கடையத் தொறந்து போட்டுட்டு ஓடிட்டா" என்று கத்திவிட்டு, இனி வர வேண்டாம் என்றார். நான் திருந்திவிட்டேன் என்றோ, அன்றிலிருந்து பொய்யே பேசியதில்லை என்றோ சொல்ல மாட்டேன், நீ பார்த்திருக்கிறாய். ஒரு வாரம் கழித்துப் பொதுத் தொலைபேசியிலிருந்து கடைக்கு அழைத்துப் பார்த்தேன். வேறொரு பெண் குரல், என்னைவிட இனிமையாக, இந்த வாரம் வந்துவிடும் என்றது. அடுத்து எந்த வீட்டுப் படமோ. அந்தப் பெண் எந்த இருட்டில் நின்று பேசினாளோ. ஊரில் இப்படி ஒரு குரலுக்கு எப்போதும் ஆள் கிடைக்கும். உனக்கும் கிடைக்கும், என்னை ஏன் கேட்கிறாய்?

என் முதலாளியைக் கேவலமானவன் என்று நினைக்கிறாயா? அவராவது மூன்று ரோலைத் தவறிப்போய்க் கெடுத்தார். நீ ஒரு வீட்டுச் சமையலறையை உடைத்துப் போட்டுவிட்டு, இன்னொரு வீட்டில் உடைக்கப் போய்விட்டாய், தெரிந்தே. அவர் பயந்து வேர்த்தார். நீ போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு இன்னொரு துண்டு மீன் கேட்டாய். ஒரு வேலை முடியாது என்றால் முடியாது என்று சொல்வதற்கு ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்துக்குப் பயந்துகொண்டு மனிதர்கள் மெஷின் வாங்குகிறார்கள், நிறுவனம் என்று பெயர் வைக்கிறார்கள், "நாங்கள்" என்கிறார்கள், கடைசியில் பெற்ற தாயின் தொண்டையைக் கேட்கிறார்கள். இந்தப் பயம் உனக்கு யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதனால் உன்மேல் இருக்கும் வெறுப்பில் பாதி என்மேல்தான். மீதிப் பாதியை நீயே வைத்துக்கொள்.

நேற்று மதியம் ஒரு பெண் நம் வீட்டுக் கதவைத் தட்டினாள். உன் தொழிலை என் வீட்டு முகவரியில் பதிந்து வைத்திருக்கிறாய் என்பதை எனக்கு நீ சொல்லவில்லை, அவள்தான் சொன்னாள். கையில் ஆறு மாதக் குழந்தை. பொங்கோலில் புது வீடு. ஏழு வாரமாகச் சமையலறையில் குழாய் இல்லையாம், பால் புட்டியைக் குளியலறையில் கழுவுகிறாளாம். உன் போன் மணி அடித்துக்கொண்டே இருக்கிறதாம். "உங்க மகனுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா ஆன்ட்டி?" என்று என்னிடம் கேட்டாள், மகனே. உண்மையாகவே கவலைப்பட்டுக் கேட்டாள். இல்லையம்மா, அவன் நன்றாகச் சாப்பிடுகிறான், உன்னைப் பார்க்கப் பயப்படுகிறான் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். எனக்கு வாய் திறந்தது, ஐம்பது வயது தாண்டி.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அவளை வரச் சொல்லியிருக்கிறேன். கணவனோடு வருவாள், குழந்தையும் வரும். தேநீர் போட்டுவிட்டு நான் உள்ளே போய்விட மாட்டேன், பக்கத்திலேயே இருப்பேன். நீ அவளுக்கு எதிர் நாற்காலியில் உட்கார். நீ எனக்கு அனுப்பிய அந்த நான்கு வரிகளை அவள் முகத்தைப் பார்த்து, முதலிலிருந்து கடைசிவரை சொல். சொல்ல முடிந்தால், அன்றைக்கே உன் போனை எடுத்து, அதே வரிகளை உனக்காக நான் பேசித் தருகிறேன்.

அம்மா